காலை 10 மணிக்குள் சேர வேண்டிய காகிதம்

மக்களவையில் ஓர் உறுப்பினர் எழுந்து பேசுவதைத்தான் ஊரில் உள்ளவர்கள் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். அவர் எழுவதற்கு முன்பு ஒரு காகிதம் போயிருக்க வேண்டும் என்பதும், அது எந்த விதியின் கீழ், எத்தனை மணிக்கு, எந்தச் சொற்களில் போனது என்பதைப் பொறுத்தே அவருக்குப் பேச இடம் கிடைத்தது என்பதும் வெளியே பெரும்பாலும் தெரிவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு உறுப்பினர்களிடம், ஒருவருக்குப் பின் ஒருவராக, டெல்லியில் ஒன்பது ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். அந்த ஆண்டுகளில் என் கை அதிகம் எழுதியது அந்தக் காகிதங்களைத்தான். முன்னறிவிப்பு என்ற நல்ல தமிழ்ச்சொல் இருந்தாலும் அங்கே எல்லோரும் நோட்டீஸ் என்றுதான் சொல்வோம். அந்த வேலைக்குப் புதிதாகச் சேரும் இளைஞர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். தவறு செய்து நான் கற்றதை அவர்களும் தவறு செய்தே கற்க வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஒரு வியாழக்கிழமை இரவு எங்கள் தொகுதியின் மீனவர் சங்கத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். கடலுக்குப் போன விசைப்படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டதாகச் சொல்லிவிட்டு, "தம்பி, நாளைக்குச் சபையில எம்.பி. இதைப் பேசிருவாரா?" என்று கேட்டார். பேசுவார் என்று சொன்னேன். இரவு முழுவதும் உட்கார்ந்து, அன்றைய அலுவல்களை ஒதுக்கிவைத்து ஒரு விஷயத்தைப் பேசக் கேட்கும் ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கான நோட்டீஸை எழுதினேன். காலையில் உறுப்பினரின் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி, நகல்கள் எடுத்து, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, நோட்டீஸ் அலுவலகத்தின் முன் போய் நின்றபோது மணி 10:04. அங்கிருந்த அலுவலர் காகிதத்தை வாங்கி முத்திரை குத்தினார், நேரத்தை எழுதினார், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, இது திங்கட்கிழமை 10 மணிக்கு வந்ததாகத்தான் கொள்ளப்படும் என்றார்.

அவர் சொன்னது விதியில் உள்ளபடிதான். மக்களவை நடைமுறை விதிகளில் 57-ஆவது விதியின்படி, ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கான நோட்டீஸ் அன்றைய காலை 10 மணிக்குள் மக்களவைப் பொதுச்செயலருக்குச் சேர வேண்டும். அதன் நகல்கள் சபாநாயகருக்கும், சம்பந்தப்பட்ட துறை அமைச்சருக்கும், நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சருக்கும் போக வேண்டும். 10 மணிக்குப் பின் வந்தால், அவை அடுத்துக் கூடும் நாளில் 10 மணிக்கு வந்ததாகக் கணக்கு. வெள்ளிக்கிழமை தவறிய நோட்டீஸுக்கு அடுத்த நாள் திங்கட்கிழமைதான். அதற்குள் மீனவர்கள் அங்கே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, காவலில் வைக்கப்பட்டு, செய்தியே வேறாகிவிட்டது. திங்கட்கிழமை சபாநாயகரின் இசைவு கிடைக்கவில்லை. அன்று மாலை சங்கத் தலைவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நாலு நிமிஷமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு, நோட்டீஸ் காலை 9:30-க்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். நகல்களை முந்தைய இரவே எடுத்துவிடுவது, உறுப்பினர் இரவு படுக்கும் முன் கையெழுத்து வாங்கிவிடுவது, ஊரிலிருந்து வரும் தகவலை இரவு 11 மணிக்கு மேல் மாற்றாமல் இருப்பது எல்லாம் அப்படி வந்த பழக்கங்களே. இப்போது நோட்டீஸ்களை உறுப்பினருக்கான இணையதளம் வழியாகவே அனுப்பலாம் என்பதால் வரிசையில் நிற்கும் கவலை பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் இணையத்திலும் 10 மணி 10 மணிதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நேரம் மிச்சமாகிறது என்பதற்காக வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதும், உறுப்பினரின் கடவுச்சொல்லை நாம் வைத்துக்கொள்வதும் கூடவே கூடாது. நோட்டீஸ் என்பது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் தம் பெயரில் அவைக்குக் கொடுக்கும் வாக்கு. அதை எழுதித் தரும் உரிமைதான் நமக்கு உண்டு, கொடுக்கும் உரிமை அவருடையது.

எந்த விதியின் கீழ் கேட்கிறோம் என்பதே இந்த வேலையில் பாதி. புதிதாக வருபவர்கள் எல்லாவற்றுக்கும் ஒத்திவைப்புத் தீர்மானத்தையே எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன், செய்தித்தாளில் அதுதான் பெரிதாக வரும் என்பதால். அரசிடமிருந்து நமக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டால் விதி தானாகவே பிடிபடும். அன்றைய எல்லா அலுவல்களையும் ஒதுக்கிவைத்து அரசைக் கண்டிக்கும் தன்மையோடு பேச வேண்டும் என்றால்தான் ஒத்திவைப்புத் தீர்மானம். சபாநாயகர் இசைவு தந்த பின்னும் யாராவது மறுப்புத் தெரிவித்தால் 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரவு காட்ட வேண்டும். அதன்பின் வழக்கமாக மாலை 4 மணிக்கு விவாதம் தொடங்கி, இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கும். அவையின் கருத்தை வாக்கெடுப்பின் மூலம் பதிவு செய்ய வேண்டும் என்றால் விதி 184. வாக்கெடுப்பு வேண்டாம், ஆனால் எல்லாக் கட்சிகளும் பேசி அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்றால் விதி 193-இன் கீழான குறுகிய கால விவாதம். அமைச்சர் அவையில் ஓர் அறிக்கை தந்து, சில விளக்கங்களுக்குப் பதில் சொன்னால் போதும் என்றால் விதி 197-இன் கவன ஈர்ப்பு. இது 1954-இல் இந்திய நாடாளுமன்றம் தானே உருவாக்கிக்கொண்ட வழி; ஒரு நாள் அமர்வுக்கு ஓர் உறுப்பினர் இரண்டு நோட்டீஸ்களுக்கு மேல் கொடுக்க முடியாது. தொகுதியின் குறை ஒன்று அவைக் குறிப்பில் ஏறி, அமைச்சகத்திலிருந்து எழுத்தில் பதில் வந்தால் போதும் என்றால் விதி 377. மாநிலங்களவையில் ஒத்திவைப்புத் தீர்மானம் என்பதே கிடையாது. அங்கே 267-ஆவது விதியின் கீழ் மற்ற விதிகளை நிறுத்திவைக்கக் கேட்பார்கள். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு விவாதம் அப்படித்தான் எடுக்கப்பட்டது.

மீனவர் கைதுக்கு நாங்கள் நெடுநாள் தவறான விதியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கான பொருள் அண்மையில் நிகழ்ந்த, குறிப்பிட்ட ஒரே விஷயமாக இருக்க வேண்டும். மத்திய அரசின் பொறுப்புக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்காக நடந்துவரும் ஒன்றை அண்மை நிகழ்வு என்று ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். நான் முதலில் எழுதிய நோட்டீஸின் சாரம் தமிழில் இப்படி இருந்தது: 'தமிழ்நாட்டு மீனவர்கள் மீது தொடர்ந்து நடத்தப்படும் காட்டுமிராண்டித்தனமான தாக்குதல்களையும், அவற்றைக் கண்டும் காணாமல் இருக்கும் அரசின் இரக்கமற்ற போக்கையும், பறிமுதலான படகுகள் மீட்கப்படாததையும், கச்சத்தீவு ஒப்பந்தத்தால் விளைந்த துயரங்களையும் பற்றி.' எழுதி முடித்தபோது நிறைவாக இருந்தது. இரண்டாவது முறையும் நோட்டீஸ் ஏற்கப்படாமல் போனபோது, வேறொரு மாநில உறுப்பினரிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்த மூத்த உதவியாளர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் பென்சிலை எடுத்து 'தொடர்ந்து' என்ற சொல்லைத்தான் முதலில் வட்டமிட்டார். அண்மை நிகழ்வு இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். பிறகு 'காட்டுமிராண்டித்தனமான', 'இரக்கமற்ற' ஆகிய இரண்டையும் அடித்தார். விதி 184-க்கான நிபந்தனைகளை 186-ஆவது விதி வரிசையாகச் சொல்கிறது: வாதம், அனுமானம், ஏளனம், பழிசுமத்தல், அவதூறு எதுவும் தீர்மானத்தில் இருக்கக் கூடாது. நோட்டீஸ் எந்த விதியின் கீழ் போனாலும் அதை மனத்தில் வைத்தே எழுதுங்கள் என்றார். அடுத்ததாகத் தாக்குதல், அரசின் போக்கு, படகு, ஒப்பந்தம் என்று நான்கு விஷயங்கள் ஒரே வாக்கியத்தில் இருப்பதைக் காட்டினார். கடைசியாகக் கச்சத்தீவுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். 1974, 1976 ஒப்பந்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தது. நீதிமன்றத்தின் முன் உள்ள பொருளைத் தீர்மானத்தில் எழுப்ப முடியாது. மற்ற மூன்றும் சரியாக இருந்திருந்தாலும் அந்த ஒரு சொல்லை வைத்தே முழு நோட்டீஸையும் தள்ளிவிடலாம்.

கோபத்தைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நோட்டீஸில் தேதியை எழுதுங்கள் என்று அவர் சொன்னது எனக்கு முதலில் கசந்தது. தங்கச்சிமடத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ கணவன் திரும்பாமல் கரையில் காத்து நிற்கும் பெண்ணின் நிலைமையைத் தேதியாலும் எண்ணிக்கையாலும் சொல்லிவிட முடியுமா என்று நினைத்தேன். ஆனால் திருத்தி எழுதிய பின் மிஞ்சிய வாக்கியத்தைப் படித்தபோது அவர் சொன்னது புரிந்தது. இன்ன தேதியில் நெடுந்தீவு அருகே பிடிக்கப்பட்ட இத்தனை மீனவர்களையும் இத்தனை படகுகளையும் விடுவிக்க மத்திய அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கை பற்றி என்று அது முடிந்தது. அதற்கு அமைச்சர் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. முதல் வாக்கியத்துக்கு, இரு நாட்டு நல்லுறவின் அடிப்படையில் பேசி வருகிறோம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு எண்ணிக்கையோடு பதில் சொல்லியாக வேண்டும். அந்த நோட்டீஸைக் கவன ஈர்ப்பாக மாற்றிக் கொடுத்தோம். அதற்குப் பின் எந்த நோட்டீஸை எழுதினாலும் பெயரடைகளை எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டால் பொருள் குறைகிறதா என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் குறையாது.

யாருக்கு எழுதுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மீனவர் கைது வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பு. படகுக்கான நிவாரணமும் ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டமும் 2019-இல் தனி அமைச்சகமான மீன்வளத் துறையின் பொறுப்பு. இரண்டையும் ஒரே நோட்டீஸில் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். காவல் நிலைய மரணம் ஒன்றைப் பற்றி ஒரு முறை ஒத்திவைப்புத் தீர்மானம் கொடுத்தோம். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் அது நிற்கவில்லை. நிற்காது என்று எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விதி 193-க்கு நோட்டீஸ் கொடுப்பவரைத் தவிர இன்னும் இரண்டு உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். எந்தக் காரணத்துக்காக விவாதம் கேட்கிறோம் என்ற விளக்கக் குறிப்பும் இணைக்க வேண்டும். இரண்டு கையெழுத்துதானே என்று தோன்றும். இரவு 9 மணிக்கு மேல், உறுப்பினர்கள் குடியிருக்கும் நார்த் அவென்யூவிலும் சவுத் அவென்யூவிலும் கதவு தட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒருவர் விமானத்தில் இருப்பார், ஒருவர் கட்சித் தலைமையைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார், ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு பெயரையும் அவையில் தமக்குரிய டிவிஷன் எண்ணையும் எழுத மறந்துவிடுவார், காலையில் அது யாருடைய கையெழுத்து என்று தேட வேண்டியிருக்கும். ஒருமுறை எங்கள் கூட்டணி உறுப்பினர்கள் யாரும் கிடைக்காத இரவில், மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த, எங்களுக்கு நேர் எதிர் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் உறுப்பினரிடம் போனேன். அவர் நின்றுகொண்டே நோட்டீஸை இரண்டு முறை படித்தார். அவருடைய பகுதி மீனவர்களைப் பாகிஸ்தான் கடல் பாதுகாப்புப் படை பிடித்துச் செல்வது வழக்கம் என்பதால் விஷயம் அவருக்கு அந்நியமில்லை. இதில் அரசைத் திட்டி ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை, மீனவர்களை மீட்பது பற்றி மட்டும்தான் என்றேன். கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நோட்டீஸ் பழைய நடையில் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்து கிடைத்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நோட்டீஸ் ஏற்கப்பட்டுவிட்டால் விவாதம் வந்துவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. விதி 184-இன் கீழ் நாங்கள் கொடுத்த தீர்மானம் ஒன்றைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்டார். மக்களவையின் அறிவிப்பு ஏடான புல்லட்டினின் இரண்டாம் பகுதியில் எங்கள் உறுப்பினரின் பெயரோடு அச்சாகி வந்தது. ஊருக்குத் தொலைபேசியில் சொன்னோம், அங்கே பட்டாசு வெடித்தார்கள். ஆனால் அது அச்சான தலைப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தேன்: நாள் குறிக்கப்படாத தீர்மானங்கள். விதி 189 இதற்காகவே இருக்கிறது. ஏற்கப்பட்ட, ஆனால் விவாதத்துக்குத் தேதி ஒதுக்கப்படாத தீர்மானங்கள் அந்தத் தலைப்பின் கீழ் போய்ச் சேரும். எதற்கு எத்தனை மணி நேரம் என்று பேசி முடிவெடுப்பது சபாநாயகர் தலைமையில் உள்ள அலுவல் ஆலோசனைக் குழு. அதனால் நோட்டீஸ் ஏற்கப்பட்ட அன்றே செய்ய வேண்டியது, அந்தக் குழுவில் நம் கட்சியின் சார்பில் இருப்பவரிடமும் மக்களவையில் நம் கட்சிக்குத் தலைவராக இருப்பவரிடமும் தீர்மானத்தின் நகலை நேரில் கொடுத்துப் பேசுவது. நாங்கள் அதைச் செய்ய இரண்டு வாரம் தாமதித்தோம். அதற்குள் மீதமிருந்த நாட்கள் எல்லாம் மசோதாக்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன.

அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் தீர்மானத்துக்கும் தனிநபர் மசோதாவுக்கும் வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் உண்டு. தீர்மானத்துக்குக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். முதல் மூன்று இடம் பெறுபவர்களே தீர்மானம் கொடுக்கலாம். குலுக்கலில் பெயர் வந்த பிறகு தீர்மானத்தின் வாசகத்தை யோசிக்கத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசகம் முன்பே தயாராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் சொல்ல அதிகம் இல்லை. அமைச்சகங்கள் தங்கள் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளின் போது கொடுக்கும் வெட்டுத் தீர்மானங்களைப் பலர் வெறும் சடங்காக நினைக்கிறார்கள், ஆனால் எனக்கு அவை மிகவும் பிடிக்கும். இன்ன துறையின் கோரிக்கையில் 100 ரூபாய் குறைக்கப்பட வேண்டும் என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வரியில் குறையைச் சொல்ல வேண்டும். எங்கள் தொகுதியின் மீன்பிடித் துறைமுகம் ஒன்று தூர்வாரப்படாமல் கிடந்ததை அந்த ஒரு வரியில்தான் முதன்முதலாக நாடாளுமன்ற ஆவணத்தில் ஏற்றினோம். பெரும்பாலான துறைகளின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேறிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வரி அச்சில் இருக்கும், அடுத்த முறை அமைச்சரைப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டு போகலாம்.

எல்லா நோட்டீஸ்களிலும் எடை கூடியது நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கானது. விதி 198-இன் கீழ் ஒரே ஓர் உறுப்பினர் காலை 10 மணிக்குள் எழுதிக் கொடுத்தால் போதும்; காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் அவையில் 50 பேர் எழுந்து நிற்க வேண்டும். 1963 ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி நேரு அரசின் மீது கொண்டுவந்ததுதான் மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். 62 வாக்குகள் ஆதரவாகவும் 347 எதிராகவும் விழுந்தன. அந்த 50 பேர் எழுந்து நிற்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2018 மார்ச்சில் கண்ணால் பார்த்தேன். ஆந்திரத்துக்குச் சிறப்புத் தகுதி கேட்டு ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் தெலுங்கு தேசமும் கொடுத்த நோட்டீஸ்கள் சபாநாயகர் சுமித்ரா மகாஜனின் மேசையில் இருந்தன. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கேட்டு அ.தி.மு.க. உறுப்பினர்கள் அவையின் நடுப்பகுதியில் முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். தெலங்கானா ராஷ்டிர சமிதி உறுப்பினர்களும் இட ஒதுக்கீடு கேட்டு அங்கே நின்றார்கள். அவை ஒழுங்கில் இல்லாததால் எழுந்து நிற்பவர்களை எண்ண முடியவில்லை என்று சொல்லிச் சபாநாயகர் ஒவ்வொரு நாளும் அவையை ஒத்திவைத்தார். கூட்டத்தொடர் அப்படியே முடிந்தது. காவிரிக்கான கோரிக்கை எங்கள் உயிர்நாடி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நோட்டீஸ் எழுதியே பழகிய ஒருவனாக, ஒழுங்காகக் கொடுக்கப்பட்ட ஒரு நோட்டீஸ் எண்ணிக்கைக்கே வராமல் நாள்தோறும் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டிருப்பது வலித்தது. அதே ஆண்டு ஜூலையில் தெலுங்கு தேசத்தின் கேசினேனி சீனிவாஸ் கொடுத்த புது நோட்டீஸ் கூட்டத்தொடரின் முதல் நாளே ஏற்கப்பட்டு, 20-ஆம் தேதி 126-க்கு 325 என்று தோற்றது. 2023 ஜூலை 26 அன்று காங்கிரசின் கௌரவ் கோகோய் கொடுத்த நோட்டீஸைச் சபாநாயகர் ஓம் பிர்லா அன்றே ஏற்றார். ஆகஸ்ட் 8 முதல் 10 வரை விவாதம் நடந்தது. வெற்றி பெறாது என்று எல்லோருக்கும் தெரிந்த தீர்மானம் அது. மணிப்பூர் பற்றி அவையில் பிரதமர் பேச வேண்டும் என்பதே எதிர்க்கட்சிகளின் நோக்கம். கடைசி நாளில் அவர் பேசினார். வேறு விதிகளின் கீழ் கேட்டுக் கிடைக்காததை ஒரு விதி பெற்றுத் தந்தது.

பெரிய நோட்டீஸ்களிலும் சின்னக் கவனக்குறைவுகள் நேர்வதுண்டு. 2024 டிசம்பரில் குடியரசுத் துணைத் தலைவரைப் பதவி நீக்கக் கோரி எதிர்க்கட்சிகள் 60 உறுப்பினர்களின் கையெழுத்தோடு கொடுத்த நோட்டீஸை மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நிராகரித்தார். அரசியல் சட்டத்தின் 67-ஆவது பிரிவு கேட்கும் 14 நாள் அவகாசம் இல்லை என்பது ஒரு காரணம். குடியரசுத் துணைத் தலைவரின் பெயரே சரியாக எழுதப்படவில்லை என்பதும் அந்த உத்தரவில் சுட்டிக்காட்டப்பட்டது. நிராகரித்தது சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று, நான் பழகிய பழக்கமொன்றை உதவியாளர்களாக இருக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் மறுபடி எழுதி அனுப்பினேன்: பெயர்கள், தேதிகள், பிரிவு எண்கள் இம்மூன்றையும் எழுதாத வேறொருவரை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

கஜா புயலின்போது வேறொன்று கற்றேன். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தபோது நாடாளுமன்றம் நடக்கவில்லை. குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 11 அன்றுதான் தொடங்கியது. நிகழ்வு பழையதாகிவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, நிகழ்வுக்குப் பின் கிடைக்கும் முதல் வாய்ப்பு இதுதான் என்பதை நோட்டீஸின் முதல் வரியிலேயே எழுதினோம். ஆனால் பல நாட்கள் கூச்சலில் அவை ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. எந்த விவாதத்துக்கும் இடமில்லை. கடைசியில் விதி 377-க்கு மாறினோம். 250 சொற்களுக்குள் எழுத வேண்டும். வேரோடு சாய்ந்த தென்னை மரங்கள், காப்பீடு இல்லாத சிறு விவசாயிகள், கரையில் நொறுங்கிய படகுகள் என்று எழுத எவ்வளவோ இருந்தது. நான்கு முறை சுருக்கி, தென்னை மறுநடவுக்கான உதவி என்ற ஒன்றில் மட்டும் நிறுத்தினோம். அவை நடக்காத நாளிலும் 377 விஷயங்களை அவையின் மேசையில் வைத்ததாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. எங்களுடையதும் அப்படியே பதிவானது. பின்னர் அமைச்சகத்திலிருந்து உறுப்பினருக்குக் கடிதமாகப் பதில் வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, கிடைத்த அளவையும் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தைத் தென்னை விவசாயிகள் சங்கத்தினர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துப் போனதைப் பார்த்தேன். தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் வரும் முழக்கத்தைவிட அது அவர்களுக்கு அதிகம் உதவியது.

இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். நோட்டீஸைக் கொடுத்த கையோடு அதைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவது இன்று எல்லாக் கட்சிகளிலும் நடக்கிறது. நானும் போட்டிருக்கிறேன், உறுப்பினரின் அனுமதியோடுதான். ஆனால் 334ஏ விதியின்படி, சபாநாயகர் ஏற்று உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடும் வரை எந்த நோட்டீஸையும் யாரும் வெளியே விளம்பரப்படுத்தக் கூடாது. பலரும் செய்வதால் அது விதியாக இல்லாமல் போய்விடாது. ஊர் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்ற நியாயமான ஆசைக்கு, இன்ன பொருளை எழுப்ப முயன்றுவருகிறோம் என்று சொல்வதே போதுமானது. முத்திரையிட்ட தாளின் படம் வேண்டியதில்லை. அந்தப் படம் இன்னொரு கெடுதலையும் செய்கிறது: நோட்டீஸ் கொடுத்ததே செயல் முடிந்தது போல ஊரிலும் நம் மனத்திலும் ஆகிவிடுகிறது.

கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படும்போது நிலுவையில் உள்ள நோட்டீஸ்கள் எல்லாம் காலாவதியாகிவிடும். மசோதா அறிமுகத்துக்கான நோட்டீஸ்கள் மட்டும் தப்பும். மற்றவற்றுக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று விதி 335 சொல்கிறது. அவை ஒத்திவைக்கப்படுவதும் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படுவதும் வேறு வேறு என்பதை முதல் ஆண்டில் நான் அறியவில்லை. விலக்கான நிகழ்வும் ஒன்று உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி. ராமசாமியைப் பதவி நீக்கக் கோரி 108 மக்களவை உறுப்பினர்கள் கையெழுத்திட்ட நோட்டீஸ் 1991-இல் ஏற்கப்பட்ட உடனே மக்களவை கலைந்தது. அது காலாவதியாகவில்லை, நீதிபதிகள் விசாரணைச் சட்டத்தின் கீழ் தொடரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, 1993 மே மாதம் அடுத்த மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 196 பேர் வாக்களிக்க, 205 பேர் வாக்களிக்காமல் இருந்ததால் தோற்றது. நம்மைப் போன்றவர்களின் நோட்டீஸ்களுக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை.

அதற்காக ஒரு பதிவேடு வைத்திருந்தேன்: கொடுத்த தேதி, நேரம், விதி, பொருள், கையெழுத்திட்டவர்கள், என்ன ஆயிற்று என்று ஆறு பத்திகள். கடைசிப் பத்தியில் 'காலாவதி' என்று எழுதியவையே அதிகம். கூட்டத்தொடர் முடிந்த வாரத்தில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னும் உயிருள்ளவை எவை என்று பிரிப்போம். விடுதலையான மீனவர்களின் பெயரை நீக்குவோம், இன்னும் இலங்கையின் மயிலிட்டியிலோ காரைநகரிலோ நிற்கும் படகுகளின் பதிவு எண்களைச் சங்கத் தலைவரிடம் கேட்டுச் சரிபார்ப்போம். அடுத்த கூட்டத்தொடருக்கான அழைப்பு வந்து, எந்த நாளிலிருந்து நோட்டீஸ் கொடுக்கலாம் என்று புல்லட்டினில் அறிவிப்பு வந்ததும், புதிய தேதியோடு அவற்றைத் தட்டச்சு செய்து உறுப்பினரிடம் நீட்டுவேன். நான் வேலையை விட்ட ஆண்டில் எனக்கு அடுத்து வந்தவரிடம் அந்தப் பதிவேட்டைக் கொடுத்தபோது, ஒரே படகின் எண் அதில் நான்கு கூட்டத்தொடர்களில் திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் கவனித்து, இதை இன்னும் எழுத வேண்டுமா அண்ணே என்று கேட்டார். படகு கரைக்கு வந்துவிட்டதா என்று சங்கத் தலைவருக்குத் தொலைபேசி செய்து கேட்கச் சொன்னேன். வரவில்லை என்றார்கள். எழுதினார்.